மண்டையோட்டு எலும்பு ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு மாறுகண்: தசை ஆப்பரேஷனை இப்பவே செய்யலாமா?

சிப்புட்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டுறார். மகனுக்கு ரெண்டே கால் வயசு. பிறக்கும்போதே வலது பக்க நெத்தி அமுங்கி, வலது புருவம் மேல ஏறி இருந்துச்சு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, நெத்தி எலும்பையும் பக்க எலும்பையும் சேர்க்கிற கோடு வலது பக்கம் மட்டும் காலத்துக்கு முன்னாடியே ஒட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க. ஒரு வயசுக்குள்ள கோலாலம்பூர்ல நெத்தி எலும்பை முன்னுக்கு நகர்த்தி வைக்கிற ஆப்பரேஷன் ஆச்சு. இப்ப நெத்தி அழகா இருக்கு.

பிரச்சினை கண்ணுல. அவன் இடது பக்கம் பார்த்தா வலது கண்ணு மேல ஓடிப்போய் மூக்கு ஓரமா ஒளிஞ்சுக்குது. எந்நேரமும் தலையை இடது தோள்பட்டைப் பக்கம் சாய்ச்சே வச்சிருக்கான். ஈப்போவுல கண் டாக்டர் பார்த்துட்டு, கண்ணாடி போடுங்க, தினமும் கொஞ்ச நேரம் வலது கண்ணை மூடி வைங்க, தசை ஆப்பரேஷனை அப்புறம் பேசலாம்னு சொன்னார்.

மாமியார் மாறுகண் அதிர்ஷ்டம், கத்தி வைக்காதேங்கிறாங்க. சின்ன மாமனார், காசு போனாப் போகுது, பிரைவேட்ல உடனே தசையை வெட்டிச் சரி பண்ணுன்னு சொல்றார். மண்டை ஆப்பரேஷன்தான் ஆயிடுச்சே, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்? ஓடுற கண்ணு வலது கண்ணு, மூடச் சொல்றதும் அதே கண்ணு, இது எப்படிச் சரியாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_லயம்

அம்மா, எனக்கு 74 வயசு. எங்க லயத்துல மாறுகண்ணோட பிறந்த பிள்ளைங்க பல பேர் இருந்தாங்க. யோகக்காரப் பிள்ளைன்னு சொல்லித்தான் வளர்த்தோம். யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதில்ல. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுத் தலையை உருட்டிக் குளிப்பாட்டுற பாட்டிங்க இப்ப இல்ல. அதுவும் ஒரு காரணமா இருக்குமோன்னு எனக்குத் தோணுது. உங்க மனசு நோகணும்னு சொல்லல. பிள்ளை நல்லா இருக்கணும்.

கண்பரிசோதகர்_ஈப்போ

நான் ஒப்டோமெட்ரிஸ்ட். பிள்ளைகளோட கண்ணைத்தான் தினமும் பார்க்கிறேன். நானும் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவன்தான். ஐயா சொன்னதுக்கு முதல்ல மரியாதையோட பதில் சொல்லிடுறேன். இந்த எலும்புக் கோடு பெரும்பாலும் பிள்ளை வயித்துல இருக்கும்போதே ஒட்டிடுது. எண்ணெய் தேய்க்காததால ஒட்டுறதும் இல்ல, தேய்ச்சா பிரியறதும் இல்ல. ஏறக்குறைய 2000 முதல் 2500 பிள்ளைகளுக்கு ஒருத்தருக்கு இப்படி ஏதாவது ஒரு கோடு முன்கூட்டியே ஒட்டிப் பிறக்குது. அம்மா, இதுல நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல.

இனி கண்ணுக்கு வருவோம். ஒரு கண்ணை அசைக்க ஆறு தசை இருக்கு. நாலு நேர்த் தசை, ரெண்டு சாய்வுத் தசை. மேல் சாய்வுத் தசைன்னு ஒண்ணு கண்குழிக்குப் பின்னாலிருந்து வந்து, மூக்குப் பக்கம் மேல் மூலையில எலும்போட ஒட்டியிருக்கிற ஒரு சின்ன வளையத்துக்குள்ள நுழைஞ்சு, அங்கேயே திரும்பிப் போய்க் கண்ணு மேல பதியுது. கிணத்து ராட்டினத்துல கயிறு திரும்புற மாதிரி. ராட்டினத்தைக் கட்டின மரம் பின்னுக்குச் சாய்ஞ்சிட்டா, கயிறு எவ்வளவு பலமா இருந்தாலும் இழுவை சரியா விழாது. உங்க மகனுக்கு நடந்திருக்கிறது பெரும்பாலும் இதுதான். வலது நெத்தி எலும்பு பின்னுக்குப் போனதால அந்த வளையமும் பின்னுக்குப் போயிடுச்சு. கண்ணைக் கீழே இறக்க வேண்டிய மேல் சாய்வுத் தசை நோஞ்சானா வேலை செய்யுது. அதுக்கு எதிரா இழுக்கிற கீழ் சாய்வுத் தசை ஓங்கி நிக்குது. அதனாலதான் இடது பக்கம் பார்க்கும்போது வலது கண்ணு மேல ஓடுது. தலையை இடது பக்கம் சாய்ச்சா ரெண்டு கண்ணும் ஒரு மட்டத்துக்கு வரும். பிள்ளை அதைத் தானாவே கண்டுபிடிச்சு வச்சிருக்கான்.

சாதாரண மாறுகண்ணுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்க சின்ன மாமனார்கிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க. நரம்போ தசையோ கெட்டுப் போன பிள்ளைக்கு எந்தத் தசையை எவ்வளவு தளர்த்தணும்னு அளவு அட்டவணை இருக்கு. இங்கே கண்குழியோட எலும்புச் சட்டமே திரும்பியிருக்கு. அந்த அட்டவணை அப்படியே பொருந்தாது.

சிப்புட்_அம்மா

இவ்வளவு விவரமா இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லைங்க தம்பி. கிளினிக்ல கூட்டம், டாக்டருக்கும் நேரம் இல்ல. சரி, வலது கண்ணை ஏன் மூடச் சொன்னாங்க?

கண்பரிசோதகர்_ஈப்போ

ஒரு பக்கக் கோடு ஒட்டின பிள்ளைகள்கிட்ட நாங்க அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. ஒட்டின பக்கத்துக் கண்ணைவிட எதிர்ப்பக்கத்துக் கண்ணுலதான் அஸ்டிக்மாட்டிசம் அதிகமா இருக்கும். நெத்தியும் கண்குழியும் கோணலா வளரும்போது அந்தக் கண்ணோட முன்வட்டமும் கோணலாகுது. உங்க மகனுக்கு இடது கண்ணுல படம் மங்கலா விழுதுன்னு அர்த்தம். மங்கலா வர்ற படத்தை மூளை ஒதுக்கப் பழகிடும். அதுதான் சோம்பேறிக் கண். பார்க்கிறதுக்கு நேராத்தான் இருக்கும், பார்வை மட்டும் வளராது. அதை வேலை வாங்கத்தான் நல்லாப் பார்க்கிற வலது கண்ணை மூடச் சொல்றாங்க.

உங்க கிளினிக் அட்டையில இடது கண்ணுக்குக் கீழே சிலிண்டர்னு ஒரு எண் இருக்கும், அஸ்டிக்மாட்டிசத்தோட அளவு அது. அதை எடுத்துப் பாருங்க, வலது கண்ணு எண்ணைவிடப் பெரிசா இருந்தா நான் சொன்னதுதான் காரணம்.

எந்த ஆப்பரேஷனாலும் சோம்பேறிக் கண்ணைக் குணமாக்க முடியாது. தசையைச் சரி பண்ணினா கண்ணு நேராகும். மங்கல் மங்கலாவே இருக்கும். கண்ணாடியையும் மூடுறதையும் இந்த வயசுல விட்டுட்டா, ஏழெட்டு வயசுக்கு மேல திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

எத்தனை மணி நேரம் மூடணும்னு எல்லாப் பெற்றோரும் கேட்பாங்க. அமெரிக்காவுல பிள்ளைகள் கண்நோய்க்கான ஒரு பெரிய ஆய்வுக் குழு 2003ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. மூணு வயசுலேருந்து ஏழு வயசுக்குள்ள, நடுத்தர அளவு சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைகளுக்குத் தினம் ரெண்டு மணி நேரம் மூடினதும் ஆறு மணி நேரம் மூடினதும் ஏறக்குறைய ஒரே பலன்தான் கொடுத்துச்சு. அதே குழு 2002ல, நல்ல கண்ணுல அட்ரோபின் சொட்டு விட்டு மங்க வச்சாலும் மூடுறதுக்குச் சமமான பலன் வருதுன்னு காட்டியிருக்கு. உங்க மகனுக்கு வயசு அதைவிடக் குறைவு, அதனால அவனோட டாக்டர் சொன்ன நேரம்தான் கணக்கு. பிடுங்கிப் போட்டுட்டு அழறான்னா மட்டும் சொட்டு மருந்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க.

கெடா_காரி

அக்கா, நான் கோல கெட்டில் பக்கம். என் மகளுக்கு ஏப்பர்ட் சிண்ட்ரோம். மண்டையோட்டுல பல கோடு ஒட்டி, கை விரல் கால் விரல் எல்லாம் சேர்ந்து பிறந்தா. இப்ப ஒன்பது வயசு, தமிழ்ப் பள்ளியில மூணாம் ஆண்டு படிக்கிறா, வகுப்புல வாய் ஓயாது.

அவளுக்கு மாறுகண் வேற மாதிரி. கீழே பார்த்தா ரெண்டு கண்ணும் ஓரளவு நேரா இருக்கும். மேலே பார்த்தா ரெண்டும் வெளிப்பக்கம் விலகிடும். ஆப்பரேஷனுக்கு முன்னாடி கண்குழியை எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அப்பதான் தெரிஞ்சுது, ஒரு கண்ணுல மேல் நேர்த் தசையே இல்ல. மத்த தசைங்களும் இருக்க வேண்டிய இடத்துலேருந்து வெளிப்பக்கமாச் சுழன்று கிடந்துச்சு. எடுக்காமலே கத்தி வச்சிருந்தா, இல்லாத தசையைத் தேடிக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு சர்ஜன் என்கிட்டயே சொன்னார். அதனால அக்கா, உங்க சின்ன மாமனார் எந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் சரி, மண்டையோட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இதுக்கு முன்னாடி செஞ்சிருக்காங்களா, தசைகளை ஸ்கேன்ல பார்த்தாங்களான்னு கேட்காமச் சம்மதக் கையெழுத்துப் போடாதீங்க.

அவளுக்கு உள்பக்கத் தசையைக் கீழேயும் வெளிப்பக்கத் தசையைக் கொஞ்சம் மேலேயும் மாத்தித் தைச்சாங்க. நல்ல மாத்தம் தெரிஞ்சுது, ஆனா முழுசா நேராகல. ரெண்டாவது தடவையும் செய்ய வேண்டி வந்துச்சு. இது முன்னாடியே எங்ககிட்ட சொன்னதுதான். இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரே ஆப்பரேஷன்ல முடியும்னு யாராவது உறுதி கொடுத்தா நம்பாதீங்க.

பழிச்சொல்லையும் பத்தி எழுதிடுறேன், இதைப் படிக்கிற வேற அம்மாமாரும் இருப்பாங்க. கிரகணத்தன்னைக்கு நான் காய்கறி நறுக்கினதாலதான் விரல் ஒட்டிப் பிறந்துச்சுன்னு என் முகத்துக்கு நேராவே சொன்னாங்க. ஏப்பர்ட் வர்றது எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 ங்கிற மரபணுவுல ஒரு எழுத்து மாறுறதால. பெரும்பாலும் அப்பாவோட விந்தணு உருவாகும்போது தற்செயலா நடக்கிற மாத்தம் அது. அதுக்காக என் வீட்டுக்காரர் மேல பழி போட முடியுமா? மூச்சு விடுற மாதிரி உடம்புல தானா நடக்கிற காரியம். 1906லயே ஏப்பர்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இந்தப் பிள்ளைங்களைப் பத்தி எழுதி வச்சிட்டார். நூறு வருஷத்துக்கு அப்புறமும் நம்ம ஆளுங்க அம்மாவோட அருவாமனையைத்தான் பார்க்கிறாங்க.

டிரெசர்_மாமா

தோட்ட ஆஸ்பத்திரியில டிரெசரா, அதாவது மருத்துவ உதவியாளரா, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே பேசுறது எல்லாம் ஆப்பரேஷனைப் பத்தி. நான் அதுக்கு முந்தின கட்டத்தைச் சொல்றேன்.

நம்ம பக்கம் பிள்ளை தலையைச் சாய்ச்சா முதல்ல சுளுக்கு எடுக்கிறவரைத் தேடித்தான் போவாங்க. கழுத்துத் தசை இறுகியும் தலை சாயலாம், கண்ணாலும் சாயலாம். வீட்டுலயே பார்க்க ஒரு வழி இருக்கு. பிள்ளை விளையாடிக்கிட்டு இருக்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடிப் பாருங்க. தலை நிமிர்ந்துச்சுன்னா காரணம் கண்ணாத்தான் இருக்கும், ஏன்னா ஒரே கண்ணால பார்க்கும்போது ரெண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வர்ற வேலை இல்ல. நிமிரலன்னா கழுத்தைக் காட்டணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்சுத் திருகவே கூடாது.

ஒரே பக்கம் படுக்க வச்சுப் பின்தலை தட்டையான பிள்ளைங்களும் நிறைய. அதைப் பார்த்துட்டு எலும்பு ஒட்டிக்கிச்சோன்னு பயந்துக்கிட்டு வர்றாங்க. படுக்கைத் தட்டையில பின்மண்டை ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், அதே பக்கத்து நெத்தி சற்று முன்னால தள்ளும். பிள்ளையைப் பக்கம் மாத்தி மாத்திப் படுக்க வச்சா, விழிச்சிருக்கும்போது கவுத்துப் போட்டா, பெரும்பாலும் குறைஞ்சிடும். சிப்புட் அம்மா சொன்னது அப்படி இல்ல. நெத்தி அமுங்கல், புருவம் ஏறல், கையால தடவினா கோடு மேல வரப்பு மாதிரி ஒரு மேடு. இதெல்லாம் தெரிஞ்சா நாளைக் கடத்தாம கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) மிஸ்ஸிகிட்ட, அதாவது நர்ஸ்கிட்ட, காட்டணும். பிள்ளையோட பதிவுப் புத்தகத்துல தலைச் சுற்றளவைக் குறிக்கிற பக்கம் எதுக்கு இருக்கு? தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்கிறோம்.

சீக்கிரம் காட்டினா கண்ணுக்கும் லாபம் இருக்கு. சில நாடுகள்ல மூணு நாலு மாசத்துக்குள்ளேயே சின்னக் கீறல் வழியா கேமரா விட்டு ஒட்டின கோட்டைப் பிரிச்சு, தலைக்கு ஹெல்மெட் போடுறாங்க. அப்படிச் செஞ்ச பிள்ளைங்களுக்கு, பிந்தி நெத்தியைத் திறந்து செஞ்ச பிள்ளைங்களைவிட மாறுகண்ணும் அஸ்டிக்மாட்டிசமும் குறைவா இருந்ததா ஆய்வுகள் சொல்லுது. ஆறு மாசம் கழிச்சுக் கொண்டு வந்தா அந்தக் கதவு மூடிடும்.

லோரி_மாமா_மகன்

மன்னிக்கணும், நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுறேன். பிறவி மாறுகண்ணைச் சீக்கிரம் நேராக்கினாத்தான் ரெண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்க்கப் பழகும்னு படிச்சிருக்கேன். அப்படின்னா காத்திருக்கச் சொல்றது பிள்ளைக்கு நஷ்டம்தானே? அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை நீளம்ங்கிறதுக்காக ‘அப்புறம் பார்க்கலாம்’னு சொல்றாங்களோன்னு எனக்குச் சந்தேகம்.

கண்பரிசோதகர்_ஈப்போ

நியாயமான கேள்வி தம்பி. கைப்பிள்ளையிலேயே கண்ணு உள்பக்கம் திரும்புற வகைக்கு நீங்க சொன்னது பொருந்தும். அதுல சீக்கிரம் செய்றதுக்குக் காரணம் உண்டு.

மண்டையோட்டுப் பிள்ளைங்ககிட்ட வரிசையே மாறுது. கண்குழி எலும்பை நகர்த்துற ஆப்பரேஷன் இன்னும் பாக்கி இருந்தா, அதை முடிச்ச பிறகுதான் பெரும்பாலான சர்ஜன்மார் தசையைத் தொடுவாங்க. எலும்பு நகர்ந்தா கண்ணோட கோணமும் நகரலாம். முன்னால தைச்சு வச்ச கணக்கு வீணாப் போயிடும். அதுக்காக எட்டு வயசுல செய்யப் போற முக எலும்பு ஆப்பரேஷனுக்காக ரெண்டு வயசுப் பிள்ளையோட கண்ணைக் காக்க வைக்கிறதையும் நான் ஏத்துக்க மாட்டேன். ரெண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கிற திறமை போயிடும்னு தெரிஞ்சா, திரும்பச் செய்ய வேண்டி வரலாம்னு தெரிஞ்சே முன்கூட்டிச் செய்ற சர்ஜன்மாரும் இருக்காங்க.

சிப்புட் அம்மாவோட மகனுக்கு ஒரே கோடுதான், நெத்தி ஆப்பரேஷனும் முடிஞ்சிடுச்சு. அதனால அவனை வருஷக் கணக்குல நிறுத்தி வைக்க வேண்டிய அவசியம் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட கோணத்தை அளக்கிறது லேசு இல்ல. கண்ணாடி போட்டுப் பழகி, இடது கண்ணுல பார்வை ஏறி, இடைவெளி விட்டு எடுத்த அளவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். டாக்டர் ‘அப்புறம்’னு சொன்னது அந்த அப்புறமாத்தான் இருக்கணும். அடுத்த தடவை போகும்போது நேராவே கேளுங்க: அளவு நிலையா நிக்குதா, மகன் தலையைச் சாய்ச்சிருக்கும்போது ரெண்டு கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்துறானா, எந்தக் கட்டத்துல ஆப்பரேஷனுக்குத் தேதி வைப்பீங்கன்னு. தலைச் சாய்வு நாளுக்கு நாள் கூடினா, இல்ல சாய்ச்சும் கண்ணு ஒண்ணுசேரலன்னா, தள்ளிப் போடாதீங்கன்னு அழுத்திச் சொல்லுங்க. காசைப் பத்திக் கவலை வேண்டாம். அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல குடிமக்களுக்கு ஒரு தடவைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்)தான்.

கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பையும் பார்க்கச் சொல்லணும். மண்டைக்குள்ள அழுத்தம் ஏறினா அந்த நரம்பு வீங்கும், கவனிக்காம விட்டா பார்வையே போகும். ஏப்பர்ட், குரூஸான் மாதிரிப் பல கோடு ஒட்டின பிள்ளைங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மாறுகண் பார்வைக்கு அசிங்கம்னு கவலைப்படுறோம், நரம்பு வீக்கம் வெளியே தெரியவே தெரியாது. காலையில தலைவலி, வாந்தி, திடீர்னு பள்ளியில மந்தம், இதெல்லாம் வந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

சிப்புட்_அம்மா

சின்ன மாமனார்கிட்ட இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். அவர் மகன்தான் மேலே எழுதினதுன்னு இப்பதான் தெரியுது! மாமியார் மட்டும் இன்னும் பயப்படுறாங்க. கண்ணை வெளியே எடுத்து வச்சுத்தான் ஆப்பரேஷன் செய்வாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க.

கெடா_காரி

இல்லவே இல்ல அக்கா, கண்ணை வெளியே எடுக்கிறதே கிடையாது. அத்தைகிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க. வெள்ளைப் பகுதியில மேல் தோலைச் சின்னதாக் கீறி, தசையைப் பிடிச்சு, வேற இடத்துல தைப்பாங்க. தையல் தானாக் கரைஞ்சிடும். கண்ணு ரெண்டு மூணு வாரம் சிவப்பா இருக்கும். முதல் நாள் வாந்தி வரும், பயந்துடாதீங்க. சில வாரத்துக்கு ஆத்துல குளத்துல இறக்கக் கூடாது, மண்ணுல விளையாட விடக் கூடாது. லயத்துப் பிள்ளைங்களை அதுல பிடிச்சு வைக்கிறதுதான் பெரிய போராட்டம்.

மயக்க மருந்து விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கவனமா இருப்பேன். என் மகளுக்கு முகத்தோட நடுப்பகுதி உள்வாங்கியிருக்கு, மூச்சுக்குழி குறுகல். தூங்கும்போது குறட்டை, நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும். அதை மயக்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும்.

டிரெசர்_மாமா

அதோட இன்னொண்ணு. கண் தசையைப் பிடிச்சு இழுக்கும்போது இதயத் துடிப்பு சட்டுனு குறையும். 1908லயே கண்டுபிடிச்ச விஷயம் அது. மயக்க டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கிட்டே இருப்பார், குறைஞ்சா சர்ஜன் கையை எடுத்துடுவார், துடிப்பு திரும்பிடும். பிள்ளை மயக்க டாக்டரும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள இடத்துலதான் இந்தப் பிள்ளைங்களுக்குச் செய்யணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

பழைய_லயம்

படிச்சேன் எல்லாத்தையும். எங்க காலத்துல யோகம்னு சொல்லி விட்ட பிள்ளைங்கள்ல ஒருத்தன் என் அண்ணன் மகன். அவனுக்கு ஒரு கண்ணுல பார்வை கிடையாது. லாரி லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான் தெரிஞ்சுது. கண்ணாடியைப் போடு அம்மா, டாக்டர் சொன்னதைச் செய்.

சிப்புட்_அம்மா

செய்றேன் ஐயா. சிலிண்டர் எண்ணைப் பார்த்தேன் தம்பி, இடது கண்ணுலதான் பெரிசு. கடைசியா ஒண்ணு. கண்ணாடி நிக்க மாட்டேங்குது. ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்ல, மூக்கும் ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு. ஒரு பக்கம் சரிஞ்சு விழுது, அவனும் கழட்டி எறிஞ்சிடுறான்.

கண்பரிசோதகர்_ஈப்போ

சரிஞ்சா அஸ்டிக்மாட்டிசத்தோட அச்சே மாறிடும், போட்டும் பலன் குறையும். கடையில ரெடியா இருக்கிற பிரேமை வாங்காதீங்க. பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை வச்ச, முழுக்க ரப்பர் மாதிரி வளையிற பிள்ளைகள் பிரேம் கேளுங்க. மூக்குத் தாங்கி தனித்தனியா நகர்த்துற வகையா இருக்கணும். ரெண்டு கைப்பிடியோட நீளத்தையும் காதுக்குக் காது வேறவேறயா வளைச்சுத் தரச் சொல்லுங்க. நெத்தி ஆப்பரேஷன் தழும்பு காதுக்கு மேல ஓடுறதால பட்டை அது மேல உரசாம பார்த்துக்குங்க. மகனைக் கையோட கூட்டிட்டுப் போய், அவன் தலையில வச்சுத்தான் அளவு எடுக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொண்டு போனா முறுக்கித் தருவாங்க, நல்ல கடையில அதுக்குக் காசு வாங்க மாட்டாங்க.